சிங் தாய் என்ற நீலப் பொடி: அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்குச் சீன மூலிகை, குடல் பாக்டீரியா (விவாத இழை)

காவிரி_சிங்கை:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நாள்பட்ட நோய். மெசலமைன் மாத்திரையில் ஒழுங்காக இருந்தவளுக்கு இப்போது மறுபடி ரத்தமும் சளியுமாகப் போகிறது. ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். முகம் ஊதிவிடும் என்று அவள் பிடிவாதமாக மறுக்கிறாள்.

என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழி, தனக்குப் பழக்கமான சீன வைத்தியரிடம் எங்களை அழைத்துப் போனார். அவர் நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார், குடலில் ஈரமும் சூடும் சேர்ந்து தங்கிவிட்டது என்றார். ஒரு கஷாயப் பொட்டலமும், கருநீலப் பொடி அடைத்த கேப்ஸ்யூலும் கொடுத்தார். பொடியின் பெயர் சிங் தாய். கூட வந்த தாளில், குடல் பாக்டீரியாவைச் சமநிலைக்குக் கொண்டுவரும் என்று போட்டிருக்கிறது.

இது நிஜமா? நிஜமென்றால் எப்படி வேலை செய்கிறது? சாப்பிட்டால் ஆபத்து உண்டா? அவள் இன்னும் ஒன்றையும் வாயில் போடவில்லை.

மதுரை_மருத்துவன்:

குடல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கேப்ஸ்யூலை இப்போதைக்குத் தனியாக எடுத்து வையுங்கள். மெசலமைனை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். ரத்தம் போக ஆரம்பித்தால் உடனே நோய் கிளம்பிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மலப் பரிசோதனையில் கிருமித் தொற்று, குறிப்பாகக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல், இல்லையென்று பார்க்க வேண்டும். குடலில் அழற்சி எவ்வளவு என்று மலத்தில் காட்டும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள்.

நோய் மலக்குடல் பக்கத்திலேயே இருந்தால் மெசலமைன் எனிமா சேர்ப்பதே பலருக்குப் போதும். ஸ்டீராய்டில்கூட, பெருங்குடலில் மட்டும் கரைந்து வேலை செய்யும் பியூடெசொனைடு மாத்திரை இருக்கிறது. ரத்தத்தில் அதிகம் சேராததால் முகம் ஊதுவது குறைவு. தங்கை பயப்படுவது ஊதுவதற்குத்தான் என்றால் டாக்டரிடம் இதைக் கேட்கட்டும். பொடியைப் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

நுண்ணுயிர்க்காரி:

காவிரி அக்கா, உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். குடல் பாக்டீரியாதான் என் ஆய்வு.

குடல் அழற்சி உள்ளவர்களின் மலத்தைச் சோதித்தால் திரும்பத் திரும்ப ஒரே சித்திரம்தான் வரும். பாக்டீரியா வகைகள் குறைந்திருக்கும், அதிலும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தைத் தயாரிப்பவை ரொம்ப இளைத்திருக்கும். பெருங்குடலின் உட்சுவர் செல்கள் பெரும்பாலும் இந்த பியூட்டிரேட்டைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. இதில் பெயர்பெற்ற ஒன்று ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி. ஆக்சிஜன் பட்டால் சில நிமிடங்களில் செத்துப்போகும் ஜீவன். குடல் அழற்சியின் இன்னொரு வகையான கிரோன் நோய்க்குக் குடலை வெட்டி எடுத்தவர்களில் யாருக்கு இது குறைவாக இருந்ததோ அவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது என்று 2008இல் பிரான்ஸில் ஹாரி சோகோல் குழுவினர் காட்டினார்கள். மறுபக்கம், அழற்சி வந்த குடலில் ஆக்சிஜன் கசிகிறது, ஈ. கோலை போன்றவை அதில் கொழுக்கின்றன.

இனி நீலப் பொடிக்கு வருவோம். பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருக்கும் டிரிப்டோஃபேனை, லாக்டோபேசில்லஸ் வகைகள் சில இண்டோல் குடும்பத்துப் பொருள்களாக மாற்றித் தருகின்றன. குடல் சுவரில் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்று ஒரு புரதம் உண்டு. இண்டோல் பொருள் அதில் போய் ஒட்டினால், அங்கே காவலிருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-22 சுரக்கும். அது சுவரைச் செப்பனிடச் சொல்லும், சளிப்படலத்தைத் தடிக்கச் செய்யும். குடல் அழற்சி நோயாளிகளின் பாக்டீரியா இந்தப் பொருளைப் போதுமான அளவு தருவதில்லை என்று அதே சோகோல் குழு 2016இல் கண்டது.

சிங் தாய் பொடியில் இருக்கும் இண்டிகோவும் (அவுரியிலிருந்து எடுக்கும் அதே நீலச் சாயம்) இண்டிரூபினும் இதே இண்டோல் குடும்பம்தான். அதே ஏற்பியில் ஒட்டுகின்றன, பலமாகவே ஒட்டுகின்றன. அந்த ஏற்பியே இல்லாத எலிகளுக்குப் பொடி கொடுத்தபோது குடல் புண் ஆறவில்லை, ஏற்பி இருந்த எலிகளுக்கு ஆறியது. 2017இல் ஜப்பானில் செய்த சோதனை இது.

அதனால் உங்களிடம் இருக்கும் தாளில் உள்ள வாசகத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காணாமல் போன பாக்டீரியா செய்துவந்த வேலையை இந்தப் பொடி தானே எடுத்துச் செய்கிறது. பாக்டீரியாவைத் திரும்பக் கொண்டுவருவது வேறு விஷயம்.

புள்ளிவிவரன்:

நுண்ணுயிர்க்காரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சீன மூலிகையும் குடல் பாக்டீரியாவும் என்று தேடினால் வந்து விழும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. எலிக்குத் தண்ணீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் கலந்து கொடுத்துக் குடலைப் புண்ணாக்குவார்கள், கஷாயம் புகட்டுவார்கள், பிறகு மலத்தில் பாக்டீரியா மாறியது என்று வண்ணப் படம் போடுவார்கள். முடிவில், கஷாயம் பாக்டீரியாவைச் சீராக்கி நோயைக் குறைத்தது என்று எழுதிவிடுவார்கள்.

அந்தத் தண்ணீரை நிறுத்தினாலே எலிக்குப் புண் தானாக ஆற ஆரம்பிக்கும். புண் ஆறினால், பேதி நின்றால், பாக்டீரியா மாறத்தான் செய்யும். எதனால் எது என்று இதை வைத்து எப்படிச் சொல்வது? அதோடு எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும். ஒரே கூண்டில் வைத்தால் எல்லாவற்றின் பாக்டீரியாவும் ஒன்றுபோல ஆகிவிடும். மருந்து கொடுத்தவை ஒரு கூண்டு, கொடுக்காதவை ஒரு கூண்டு என்று பிரித்திருந்தால் கூண்டு வித்தியாசமே மருந்து வித்தியாசமாகத் தெரியும்.

கேட்க வேண்டியது இரண்டுதான். பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலியில் அந்தக் கஷாயம் வேலை செய்யாமல் போனதா? கஷாயம் குடித்த எலியின் மலத்தைக் குடிக்காத எலிக்கு மாற்றினால் பலனும் சேர்ந்து மாறியதா? இந்த இரண்டும் இல்லாத கட்டுரையை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

நுண்ணுயிர்க்காரி:

புள்ளிவிவரன் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இந்த உறவுக்கு இன்னொரு முகம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மூலிகை பாக்டீரியாவை என்ன செய்கிறது என்றே எல்லாரும் கேட்கிறார்கள். பாக்டீரியா மூலிகையை என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் இன்னும் திடமாகக் கிடைக்கும்.

மலச்சிக்கலுக்கு நாம் சாப்பிடும் நிலாவரையை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கம் விளைந்து உலகம் முழுக்கப் போகும் இலை. அதிலுள்ள சென்னோசைடு அப்படியே சிறுகுடலைத் தாண்டிவிடும், உடலில் ஏறாது. பெருங்குடலில் பாக்டீரியா அதன் சர்க்கரைப் பகுதியை வெட்டி மாற்றிய பிறகுதான் வயிற்றைக் கலக்கும். சீனர்களின் தா ஹுவாங் கிழங்கிலும் இதே பொருள் உண்டு. ஹுவாங் சின் வேரிலுள்ள பைக்கலினும் அப்படித்தான், பாக்டீரியா வெட்டிக்கொடுத்தால்தான் உடலில் நன்றாக ஏறும். ஹுவாங் லியான் கிழங்கின் பெர்பரினை வாயால் சாப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்துக்குப் போவதில்லை. போகிற கொஞ்சத்திலும் பாக்டீரியாவின் கை இருக்கிறது என்று 2015இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாக்டீரியா அதை வேறு வடிவமாக்கும், அது குடல் சுவருக்குள் நுழையும், நுழைந்த பின் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

நவீன மருந்தும் இதற்கு விலக்கில்லை. குடல் அழற்சிக்கு வந்த பழைய மாத்திரையான சல்ஃபசலசைனை ஸ்வீடனின் நானா ஸ்வார்ட்ஸ் 1940களில் கொண்டுவந்தார். பெருங்குடல் பாக்டீரியா அதை இரண்டாக உடைத்தால்தான் உள்ளே இருக்கும் மெசலமைன் வெளியே வரும். பாக்டீரியா இல்லாத எலிகளில் அது உடையவே இல்லை என்று 1972இல் தெரிந்தது.

ஆகவே ஒரே கஷாயம் ஒருவருக்குக் கேட்டு, இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு அவரவர் குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் முடித்த கையோடு ஒருவர் கஷாயம் குடித்தால் அவருக்கு அது வேறு மருந்தாகவே ஆகிவிடலாம். அழற்சி நோயாளிகளின் பாக்டீரியா ஏற்கெனவே குலைந்து கிடக்கிறது. ஆரோக்கியமான எலியில் பார்த்ததை அவர்களுக்கு நேராகப் பொருத்த எனக்குத் தயக்கம்.

மதுரை_மருத்துவன்:

சரி, பொடிக்கு வருகிறேன்.

சிங் தாய்க்கு உருப்படியான மனிதச் சோதனை இருக்கிறது. ஜப்பானில் நடந்து 2018இல் வெளிவந்தது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ள 86 பேரை நான்காகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத கேப்ஸ்யூல், மற்றவர்களுக்கு நாளுக்கு அரை கிராம், ஒரு கிராம், இரண்டு கிராம் என்று 8 வாரம் கொடுத்தார்கள். மருந்தில்லாத கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் 13.6% பேருக்குத்தான் நோய் குறைந்தது. பொடி சாப்பிட்டவர்களில் அளவு வாரியாக 69.6%, 75%, 81%. இந்த நோய்க்கு வரும் விலை உயர்ந்த ஊசி மருந்துகளின் சோதனையில்கூட இப்படி ஓர் இடைவெளியைப் பார்ப்பது கடினம். இதைப் படித்த அன்று நான் உண்மையாகவே எழுந்து உட்கார்ந்தேன்.

ஆனால் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சோதனைக்கு வெளியே, சொந்தமாக இந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்டுவந்த ஒருவருக்கு நுரையீரல் தமனி ரத்த அழுத்தம் வந்ததாகச் செய்தி வந்தது. சாதாரண பி.பி. என்று நினைக்காதீர்கள். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்கள் இறுகும், இதயத்தின் வலப்பக்கம் திணறும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், உயிருக்கே ஆபத்தாகும். 2016 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. பிறகு நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, பொடி சாப்பிட்ட 877 நோயாளிகளில் 91 பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு. கல்லீரல் கோளாறுதான் அதிகம். நுரையீரல் தமனிக் கோளாறு 11 பேருக்கு. ஒரு சிலருக்குக் குடலுக்குள் குடல் செருகிக்கொண்டது.

ஏன் இப்படி? நுண்ணுயிர்க்காரி சொன்ன அதே ஏற்பி நுரையீரல் ரத்தக் குழாயிலும் இருக்கிறது. அதைத் தூண்டினால் எலிகளுக்கு இந்த நோய் முற்றுகிறது என்று 2021இல் ஜப்பானியர்களே காட்டினார்கள். குடலில் புண்ணை ஆற்றும் அதே விசை நுரையீரலில் குழாயை இறுக்குகிறது. இயற்கை மருந்துதானே, பக்கவிளைவு இருக்காது என்று என் முன்னால் உட்கார்ந்து சொல்பவர்களிடம் நான் இதைத்தான் விளக்குகிறேன்.

மஞ்சளின் குர்குமினோடு இந்தப் பொடியைச் சேர்த்து இஸ்ரேலிலும் கிரீஸிலும் சோதனை நடந்திருக்கிறது, பலனும் தெரிந்தது. எல்லாமே குறுகிய காலத்துக்கு, டாக்டரின் கண்காணிப்பில். கல்லீரல் பரிசோதனையும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மருந்து இது. வருஷக்கணக்கில் வீட்டில் வைத்துச் சாப்பிடும் பொருள் இல்லை.

பொதிகைச்_சித்தன்:

சித்த மருத்துவப் பட்டம் முடித்தவன். இங்கே நிலவேம்பைப் பேசாமல் போகக் கூடாது. சீனர்கள் அதைச் சுவான் சின் லியான் என்கிறார்கள், அதே செடி. அதன் சாற்றை எச்எம்பிஎல்-004 என்று பெயரிட்டு அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்குச் சோதித்தார்கள். சீனாவில் 120 பேரிடம் நடந்த சோதனையில் மெசலமைனுக்குக் கிட்டத்தட்ட ஈடாக நின்றது. அடுத்து 224 பேரிடம் மருந்தில்லாத மாத்திரையோடு ஒப்பிட்டு 8 வாரம் பார்த்தார்கள், 2013இல் வெளிவந்தது. நாளுக்கு 1800 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 60% பேருக்குக் குணம் தெரிந்தது, மருந்தில்லாத மாத்திரையில் 40%.

நம் பாட்டி வைத்தியத்துக்கு உலகச் சான்று என்று இதை மட்டும் மேற்கோள் காட்டும் காணொளிகள் ஏராளம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதில்லை. மூன்றாம் கட்டச் சோதனையை 2014இல் இடையில் ஆராய்ந்து பார்த்து, தொடர்ந்தாலும் பலன் நிரூபணமாகாது என்று நிறுத்திவிட்டார்கள். என் துறையினரும் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. காய்ச்சலுக்குச் சில நாள் குடிக்கும் நிலவேம்புக் குடிநீரைக் குடல் அழற்சிக்கு மாதக்கணக்கில் குடிக்கச் சொல்வது சரியில்லை.

காவிரி_சிங்கை:

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. தோழியிடம் சொல்லி வைத்தியரிடம் கஷாயப் பொட்டலத்தின் சரக்குப் பட்டியலை வாங்கிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் கையால் எழுதித் தந்தார். பாய் தௌ வெங், ஹுவாங் லியான், ஹுவாங் பாய், சின் பி. நான்கே சரக்கு. சாங் சோங்சிங் என்ற பண்டைய வைத்தியரின் மருந்துச் சேர்க்கை, சீதபேதிக்கு 1800 வருஷமாகக் கொடுத்துவருவது என்றார். இங்கே சிங்கப்பூரில் பெர்பரினுக்கு 1978 முதல் தடை இருந்தது என்றும், பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையைக் கூட்டும் என்பதால் அப்படி என்றும், பிறகு இந்த மூலிகைகளுக்குத் தடையை நீக்கினார்கள் என்றும் தோழி சொன்னார். பெரியவர்களுக்கு இது பரவாயில்லையா?

மதுரை_மருத்துவன்:

பட்டியல் வாங்கியது ரொம்ப நல்ல காரியம். அதை அப்படியே போட்டோ எடுத்து அவளுடைய டாக்டருக்கு அனுப்புங்கள்.

இதில் ஹுவாங் லியான், ஹுவாங் பாய் இரண்டிலும் பெர்பரின் உண்டு. நம் ஊர் மரமஞ்சளிலும் அதே பொருள்தான். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. நோய் முற்றி, நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் கொடுக்க நேர்ந்தால், பெர்பரின் அவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகம் பாதிக்கும். மெசலமைன் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த அபாயம் இல்லை. இருந்தாலும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் புதிதாக எதையும் சேர்த்தால், நாளைக்கு வயிறு மோசமானால் நோயாலா கஷாயத்தாலா என்று என்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் நோயை அடக்கட்டும்.

கோவை_குமரன்:

எனக்கு கிரோன், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே. மூலிகை வேண்டாம், நல்ல பாக்டீரியாவையே நேரடியாக ஏற்றினால் என்ன? மல மாற்று சிகிச்சை என்கிறார்களே. அதுவும் சீனாவிலிருந்து வந்ததுதான் என்று கேள்விப்பட்டேன்.

நுண்ணுயிர்க்காரி:

குமரன் தம்பி, கேள்விப்பட்டது சரிதான். நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் என்ற சீன வைத்தியர், விஷ உணவும் கடும் பேதியும் கண்டவர்களுக்கு மலக் கரைசல் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் என்ற மருந்தைக் கண்டுபிடிக்கச் சீன விஞ்ஞானி து யூயூவுக்கு வழிகாட்டியதும் அதே ஏடுதான்.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் 2015இல் கனடாவில் 75 பேரிடம் சோதித்தார்கள். மலக் கரைசல் எனிமா பெற்றவர்களில் 24% பேருக்கு நோய் அடங்கியது, வெறும் தண்ணீர் எனிமா பெற்றவர்களில் 5%. அடங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரே கொடையாளியின் மலத்தைப் பெற்றவர்கள். யாருடைய பாக்டீரியா என்பது அவ்வளவு முக்கியம். கிரோனுக்கு இந்த அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. யாரும் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது, கொடையாளியைச் சரியாகப் பரிசோதிக்காததால் உயிரே போயிருக்கிறது.

திண்டிவனம்_அவுரி:

எங்கள் குடும்பம் தலைமுறையாக அவுரி பயிரிட்டு நீலச் சாயம் எடுக்கிறது. இழையைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். இண்டிகோதான் மருந்து என்றால் எங்கள் சாயக் கட்டியும் அதே பொருள்தானே? தலைக்குப் போடும் அவுரிப் பொடியை வயிற்றுப் புண்ணுக்குச் சாப்பிடலாமா என்று கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

நுண்ணுயிர்க்காரி:

ஐயா, கேட்டது நல்லதாகப் போயிற்று. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

தலைக்குப் போடும் பொடி, இலையை நிழலில் உலர்த்தி அரைத்தது. இலையில் இண்டிகோ அப்படியே இருப்பதில்லை, ஊறவைத்துக் கலக்கிக் காற்றுப் பட்ட பிறகுதான் நீலம் உண்டாகிறது. அதனால் இலைப்பொடி வேறு, சிங் தாய் வேறு. சீனர்கள் இலையை ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்துக் கடைவார்கள். மேலே திரளும் நீல நுரையை வழித்தெடுத்துக் காயவைத்தால் சிங் தாய். ஃபூஜியான் மாகாணத்தின் சியான்யூ வட்டாரச் சரக்குக்குப் பெயர் அதிகம். ரொம்ப லேசான பொடி, தண்ணீரில் போட்டால் மிதக்கும், மெல்லிய தீயில் காட்டினால் ஊதாவும் சிவப்புமாகப் புகை வரும், அதை வைத்துத்தான் தரம் பார்ப்பார்கள். அதில் பெரும் பங்கு சுண்ணாம்புச் சத்து. இண்டிகோ குறைந்தது 2%, இண்டிரூபின் குறைந்தது 0.13% இருக்க வேண்டும் என்கிறது சீன மருந்தியல் நூல். உங்கள் சாயக் கட்டியில் இண்டிகோ இதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஜப்பான் சோதனையில் கொடுத்த ஒரு கிராமை மனத்தில் வைத்துக்கொண்டு யாராவது உங்கள் கட்டியில் ஒரு கிராமைத் தின்றால் என்ன அளவு உள்ளே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

திண்டிவனம்_அவுரி:

புரிந்தது அம்மா. எங்கள் தொட்டியில் நுரையை யாரும் எடுப்பதில்லை, அடியில் படியும் வண்டலைத்தான் காய்ச்சிப் பிழிந்து கட்டியாக்குகிறோம். சாயத்துக்கு மட்டும், உண்ணக் கூடாது என்று இனி பொட்டலத்தின் மேல் பெரிதாக அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த இருவரில் ஒருவருடைய நம்பர் இருக்கிறது, மதுரை டாக்டர் எழுதியதை அவருக்கு அனுப்பிவிட்டேன். இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.